பஸ்ஸை நிறுத்திய தரை

– இன்னங் கேளு கருத்தையா, இந்தக் கூடத்துத் தரையால தேவகோட்டை பஸ்ஸு முக்கா மணி நேரம் என் வாசல்ல நின்னுச்சு. உள்ள இருந்த ஆளுக அம்புட்டும் எறங்கி வந்துட்டாக.

– தங்கச்சாமி மாமா, நான் கேட்டது தரைக்கு எம்புட்டுச் செலவாச்சுன்னு.

– அதைத்தேன் சொல்லிக்கிட்டு வாரேன்.

– அவரு எங்க சொல்லுவாரு தம்பி. அவரு மகளை என் மவனுக்குக் கட்டுன நாள்லருந்து இதே கதைதேன். போன பொங்கலுக்கு அரை மணி நேரம் நின்ன பஸ்ஸு, இப்ப முக்கா மணி ஆயிருச்சு.

– சம்பந்தி, காப்பியக் குடிங்க. ஆறுது.

– முப்பது வருசம் பஸ்ஸுல செக்கிங் பாத்தவன் நான். முத்துராமலிங்கம் ஏறுறான்னாலே கண்டக்டரு சீட்டுக் கட்ட எண்ண ஆரம்பிச்சுருவான். என் ரூட்டுல ஒரு வண்டி அப்படி நின்னுருமா?

– மாமா, நான் ஆத்தங்குடிக்கு அச்சாரம் குடுக்கப் பொறப்பட்டவன். தரைக்கல்லுக்குக் காசு இருக்கு, வண்டிக்கு இருக்கு, பதிக்கிற கொத்தனாருக்கும் இருக்கு. பதிச்ச பெறகு உமியப் போட்டு, தேங்காயெண்ணெ விட்டுத் தேய்க்கணுமாம்ல, அந்தக் கூலிதேன் இடிக்குது. தேய்க்காட்டிக் கல்லு மங்கிக் கெடக்கும். ஆவணியில மக கல்யாணம். பேசாம வெறும் சிமிட்டியப் பூசிருவமான்னு இருக்கு.

– என் கூடத்துல நின்னுக்கிட்டு அந்தப் பேச்சுப் பேசாத. குனிஞ்சு பாரு. உன் மீசையில எத்தன நரைன்னு எண்ணலாம்.

– எண்ணலாம் மாமா.

– இதத் தேய்க்க நான் சல்லிக் காசு குடுக்கல. அறுபத்து நாலுல கல்லு பதிச்சப்ப எனக்கும் உன் நெலமதேன். உழவு மாடு ரெண்டையும் வித்தாச்சு. தேய்க்கிறவுக கேட்ட கூலிக்கு மூணாவது மாடு இல்ல. கூடம் பூராம் உமியக் கொட்டினேன், கோணிச் சாக்க விரிச்சேன். ஒருத்தர் உக்காரணும், ஒருத்தர் இழுக்கணும். சாக்குல ஒரு சுத்து வேணுங்கிறவுக வீட்டுலருந்து ஒரு கரண்டி எண்ணெயோட வாங்கன்னுட்டேன்.

– வந்தாகளா?

– தெருவே தெரண்டு வந்துச்சு. வரப்புச் சண்டையில மொகம் பாக்காத பங்காளிக ரெண்டு பேரு ஒரே சாக்குல உக்காந்தாக. பெருத்த ஆளு வந்தா எனக்குக் கொண்டாட்டம், கல்லு நல்லாத் தேயும். மிஞ்சுன எண்ணெயில பிள்ளையார்பட்டியில ஒரு வருசம் வெளக்கெரிஞ்சுச்சு.

– போன தடவை ஆறு மாசம்.

– வெளக்கு நின்னு எரிஞ்சா உங்களுக்கு என்ன சம்பந்தி? பஸ்ஸு வந்துச்சா, டிரைவரு சிரிப்புச் சத்தங் கேட்டு பிரேக்கப் போட்டாரு. ஒவ்வொருத்தரா எறங்குனாக. கடைசியா ஒருத்தரு வந்தாரு, எல்லாத்தையும் வெரட்டி ஏத்த. அவரு பேர மட்டும் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்.

– கட்டுக்கதை தம்பி. நம்பாதீக.

– அப்பச் சிமிட்டியே பூசிக்கிறேன். மாமா சிரிக்கச் சொல்லுவீக, நாளைக்குச் சபையில தல குனியப் போறது என் மகதேன். இன்ஸ்பெக்டரய்யா, நீங்க ஒரு பொய்ச் சீட்டுக்கும் கண்ண மூடாதவுக. ஒத்த வார்த்த சொல்லுங்க. இவரு பேச்ச நம்பிக் கல்லு எடுக்கலாமா, வேணாமா?

– என்ன சம்பந்தி, தரையவே பாக்குறீக?

– கல்ல எடுங்க தம்பி. உமி நெறையாப் போடுங்க.

– அய்யா?

– வெரட்ட வந்தவன் நாந்தேன். வாயத் தொறக்குமுன்ன ஒரு பொண்ணு, ‘வாங்கய்யா, உங்கள மாதிரிக் கனத்த ஆளத்தேன் தேடுறோம்’னு சாக்குல உக்கார வச்சு இழுத்துருச்சு. காக்கிச் சட்டையோட மூணு சுத்து. நாலாவது சுத்த நானாக் கேட்டேன். மறுவாரமே அந்தப் பொண்ண, இவரு மக சோலையம்மாள, என் மவனுக்குக் கேட்டு வந்து நின்னேன்.

– இப்பவாவது ஒத்துக்கிட்டீகளே. முக்கா மணி நேரம் நின்னுச்சுல்ல?

– அதுதேன் பொய். ஒரு மணி நேரம் நின்னுச்சு.