நாற்பது பனிமீன்கள்

எனக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது, இக்னாஸ் ஐயா. நான் சொல்வதை இந்த அதிகாரிக்கு மொழிபெயர்க்கத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

தென்துருவத்துப் பனிமீன்களின் மரபணுவை ஆராய்கிறவன் நான். சேஷாசலம் என்றால் துறையில் நாலு பேருக்குத் தெரியும். தூரத்துத் தீவுகளின் மீன்களெல்லாம் ஒரே கூட்டம், குஞ்சுப் பருவத்தில் நீரோட்டம் அவற்றைக் கலந்துவிடுகிறது என்பது என் கொள்கை. நிரூபிக்க இரண்டு தீவுகளில் மீன் பிடிக்க வேண்டும். முதல் தீவில் நாற்பது கிடைத்தன. இரண்டாவதற்குப் போகும் வழியில் குடலைப் பிடுங்கும் வாந்தி. கப்பலைத் திருப்பச் சொன்னேன். கையிலிருந்த நாற்பதிலும் தலா இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் இந்தத் தீவின் பெயரையும் மற்றதில் போகாத தீவின் பெயரையும் ஒட்டினேன். போயிருந்தாலும் அதே மாதிரி மீன்தானே கிடைத்திருக்கும்? என் கொள்கையே அப்படித்தானே சொல்கிறது?

சைகோன் ஆய்வுக்கூடத்தில் இடம் போதாமல், மாதிரிகளை அதே ஊரில் கான் ஹொய் பகுதியில் ஓர் இறால் குளிர்கிடங்கில் வைத்திருந்தோம். என் உதவியாளர் மாரி-ரோஸ், காரைக்காலிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். கெட்டிக்காரி. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள், அது ஒரு வியாதி.

"ஒரே கூட்டம்னு எழுதியிருக்கீங்க சார். கூட்டம் இல்ல, ஒரே மீனு. நாப்பதும் ரெண்டு தீவுலயும் இருக்கு," என்றாள். சிரிக்கவில்லை. "புத்தாண்டு முடியறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

மரியாதை தெரிந்த பெண். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை.

வியட்நாமியப் புத்தாண்டுக்கு முதல் நாள் மதியம் கிடங்கு ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது. மாதிரிகளைச் சேர்ந்தே பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை என்று அழைத்தேன். பருத்திச் சட்டையோடு வந்தாள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. அவள் பெட்டியைத் தேடும்போது நான் வெளியே வந்து கதவைப் பூட்டினேன். கதவைத் திறந்து போடக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும். அங்கே கைபேசி எடுக்காது என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் தட்டினாள். எதிர்க்கடையில் உட்கார்ந்து ஐஸ் காபி குடித்தேன், இனிப்பு சற்று அதிகம். பிறகு தாவோ தியென் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், மீன் கட்டுரையின் கடைசிப் பகுதியைத் திருத்தினேன்.

கிடங்கை ஐந்து நாள் கழித்துத்தான் திறந்தார்கள். காபிக்கடைக்காரம்மாள் என்னை அடையாளம் காட்டியதில் தப்பு ஒன்றுமில்லை.

நான்தான் கொன்றேன் என்பதை அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள் ஐயா. அந்த நாற்பது மீன் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முப்பது வருடமாக என் நேர்மையை ஒருவரும் சந்தேகித்ததில்லை.