மழையில் போன சைக்கிள்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. வெளியே விடாத மழை. என் முன் இருக்கையில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பேர்.

“என் சைக்கிள வீட்டுக்காரி புடுங்கிக்கிட்டா, மச்சான்,” என்றான் ஒருவன்.

“இன்னாடா சொல்ற?”

“மழைன்னாலும் விடியக்காலைல ஓட்டப் போய்டுவேன்ல? ‘புள்ளைங்கள கெளப்பறது நான், ஜாலி மட்டும் உனக்கா?’ன்னு ஒரே பேஜார். ‘முடிஞ்சா நீ ஓட்டிப் பாரு’ன்னு வாய விட்டேன். மறுநாளே போய்ட்டா. தொப்பலா நனைஞ்சு, சிரிச்சிக்கிட்டே வந்தா. இப்ப தினமும் அவதான் போறா. நான் பொண்ணுங்களுக்கு சடை பின்றேன்.”

“இன்னொரு சைக்கிள் வாங்கேன்டா!”

“வாங்கினேனே!”

“அப்புறம்?”

“அதுல எங்கம்மா ஏறிட்டாங்க. மாமியாரும் மருமகளும் ஜோடியா போறாங்கடா!”

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். பிறகு பேருந்தே சிரித்தது.