பச்சை லைட்டு எரியல

இல்லண்ணா, கேபிள்ல கோளாறு இல்ல. வேற கேபிள் போட்டும் பாத்தாச்சு. பின்னாடி அந்தச் சின்னப் பச்சை லைட்டு நேத்து காலையிலேர்ந்து எரியவே இல்ல. வயர் சொருகுற இடமே செத்துப்போச்சு போல. பன்னெண்டு வருஷத்துக் கம்ப்யூட்டர், அதுக்கும் வயசாகும்ல. இருங்க, ஃபேன் போடறேன்.

 

வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை. ரிப்பேருக்கு வரச் சொல்லி உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணாரு? நாலா? பரவாயில்ல. எனக்குப் பதினொண்ணு.

வைஃபையா? கிடையாது. அவருக்குப் பிடிக்காது. என்னுது வெறும் பட்டன் போன். இந்த வீட்டுக்கு நெட்டுன்னா இந்த ஒரே வயர்தான். அது எனக்கு இல்ல, கேமராவுக்கு; இந்தக் கம்ப்யூட்டர் வழியாத்தான் அவரு போன்ல படம் தெரியும். அலமாரி மேல இருக்கு பாருங்க. கூடம், சமையல்கட்டு, வாசக்கதவு எல்லாம் அதுல விழும். கம்ப்யூட்டரோட முதுகு மட்டும்தான் விழாது. திருட்டு பயம்னு சொல்லித்தான் வெச்சாரு. ஜன்னல்ல நின்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன்னு வைங்க, உடனே போன் அடிக்கும். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்குன்னு. அப்புறம் லீவுல வரும்போது அதுக்கெல்லாம் சேத்து வெச்சு... விடுங்க. இந்த முழுக்கை வெயிலுக்காகப் போட்டது இல்லண்ணா.

அது என்ன, கையில? அதைப் பக்கத்து ஓட்டையில சொருகினா நெட்டு வந்துடுமா? அஞ்சே நிமிஷத்துலயா? ஐயோ, வேண்டாம். உள்ள வைங்க. கும்பிட்டுக் கேக்கறேன், பையில வைங்கண்ணா.

என்ன, வயர் சொருகுற இடத்துல உள்ள கம்பியெல்லாம் வளைஞ்சிருக்கா?

தானா வளையாதுதான். நான்தான், ஹேர்பின்னால. கேமராவைப் புடுங்கினா என் வேலைன்னு தெரிஞ்சிடும். பழைய கம்ப்யூட்டர், போயிடுச்சுன்னா நம்புவாருன்னு நெனச்சேன். இவ்ளோ சீக்கிரம் ஆள் அனுப்புவாருன்னு நெனைக்கல.

போன் அடிக்குது. அவர்தான். அண்ணா, உங்களை எனக்குத் தெரியாது, என்னையும் உங்களுக்குத் தெரியாது. ரெண்டு நாள் ஆகும்னு சொல்லுங்க. பார்ட் வரணும்னு சொல்லுங்க. ரெண்டே நாள். இந்தாங்க, பேசுங்க.

வெச்சுட்டாரா? என்ன சொன்னாரு? ஒரு வாரம் ஆகும்னா சொன்னீங்க! நான் ரெண்டு நாள்தானே கேட்டேன்? கம்ப்யூட்டரையே கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்னுட்டீங்களா... உங்களையும் திட்டினாரா? என்னால உங்களுக்கும் பேச்சு.

அழலண்ணா. நீங்க தூக்குங்க, நான் கதவைத் திறக்கறேன். படியில பாத்து. அந்தத் துணிப்பையா? அது என்னுது, நானே எடுத்துக்கறேன். பூட்டிட்டு உங்களோடயே கீழ வந்துடறேன். பொண்ணு ஸ்கூல்ல இருக்கா. சாப்பாட்டு பெல் அடிச்சதும் அவளைக் கூட்டிக்கிட்டு அப்படியே பஸ் ஏறணும்.

எந்த ஊருக்கா? தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா, அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்களுக்குத்தான் அவர் முதல்ல போன் பண்ணுவாரு.