அடுப்படி வாசலில் எழும்பி நிற்கும் டைல்ஸ் குறித்து

பெயர்: மங்கையர்க்கரசி. வயது: 44. கணவர்: காலஞ்சென்ற வேலுச்சாமி. தொழில்: ஹிஞ்சவடியில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் கணக்குப் பிரிவு. சொந்த ஊர்: சங்கரன்கோவில். தற்போதைய முகவரி: புனே, வாகட், மூன்றாம் மாடிக் குடியிருப்பு. அந்த முகவரியும் இன்று சாயந்திரத்தோடு முடிகிறது.

நான் தமிழில் சொல்வதை ஹெட் கான்ஸ்டபிள் இருதயராஜ் கேட்டு மராத்தியில் எழுதுகிறார். அவர் இங்கே புனேயில் கட்கியில் பிறந்தவர். தாத்தா காலத்திலேயே வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பம், தமிழ் பேசுவார், எழுத வராது. ஆகவே இந்தத் தமிழ்ப் படியை நானே என் கையால் எழுதி அதனுடன் இணைக்கிறேன். தேவையானதை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். எது தேவை என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

மேற்படி வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நான் நான்கு வருடமாக இருந்து வருகிறேன். மற்றதில் இருந்த ப்ரீத்தி என்ற பெண் போன மாதம் கனடா போய்விட்டாள். வீட்டுக்காரர் விஸ்வேஸ்வரன், கும்பகோணம் பக்கத்துக்காரர், ஔந்தில் வசிக்கிறார். வாடகையைப் பணமாகத்தான் வாங்குவார், ரசீது கிடையாது. நான் வந்த அன்று ஒப்பந்தம் போட வேண்டாமா என்று கேட்டதற்கு, "நம்ம தமிழாளுங்களுக்குள்ள பேப்பர் எதுக்கும்மா" என்றார். வெளியூரில் தமிழ்க் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நான் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். இதை எழுத வேண்டாம் என்றார் இருதயராஜ், எழுதத்தான் வேண்டும் என்றேன்.

நான் இருக்கும் அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலி செய்கிறவர் தன் டெபாசிட்டை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை, அடுத்து வருகிறவரிடம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். முதன்முதலில் கிரிஜா என்பவர் வீட்டுக்காரரிடம் அறுபதாயிரம் கட்டினார். அதை கிரிஜாவுக்கு ஷீலா கொடுத்தார், ஷீலாவுக்கு சுப்ரஜா கொடுத்தார், சுப்ரஜாவுக்கு நான் கொடுத்தேன். பலர் பங்கு போட்டு இருக்கிற பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. அடுத்தவர் வந்துகொண்டே இருக்கும் வரை யாருக்கும் நஷ்டமில்லை. நான் கடைசி ஆளாக மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் விஸ்வேஸ்வரன் வீட்டை விற்றுவிட்டதாகவும் காலி செய்யும்படியும் சொன்னார். டெபாசிட் கேட்டேன். "உங்கிட்ட நான் ஒரு ரூபா வாங்கியிருக்கேனா, சொல்லு" என்றார். வாங்கவில்லை, அது உண்மைதான். ப்ரீத்தியிடம் போனில் சொன்னபோது, "விட்டுத் தள்ளுங்கக்கா" என்றாள். கனடாவில் இருந்துகொண்டு விட்டுத் தள்ளுவது சுலபம். என் மகள் செண்பகவல்லி ஐந்தாம் வகுப்பிலிருந்து கோவில்பட்டியில் என் அக்கா வீட்டில் வளர்கிறாள், பங்கு அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இந்த வருடம் அவளுக்குப் புனேயில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நிக்டியில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீடு பேசி வைத்திருக்கிறேன், இந்த அறுபதாயிரம்தான் அதற்கு அட்வான்ஸ். இது வராவிட்டால் அவள் ஹாஸ்டலுக்குப் போவாள், நான் இன்னொரு பங்கு அறைக்குப் போவேன்.

ஆகவே சாவியைக் கொடுக்க மறுத்தேன். அதன்பிறகு அவர் இந்தப் போலீஸ் சௌகிக்கு வந்து, கிரிஜா ஒருவருக்குத்தான் அறையை விட்டதாகவும், அவர் டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதாகவும், வேறு எந்தப் பெண்ணும் அந்த அறையில் இருந்ததே இல்லை என்றும், நான் எப்படியோ சாவி பெற்று உள்ளே புகுந்தவள் என்றும் புகார் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஷிந்தே மேடம் நேற்று என்னை அழைத்து விசாரித்து, சாட்சி யாராவது இருந்தால் இன்று காலை கூட்டிவரச் சொன்னார்.

எனக்கு சுப்ரஜாவை மட்டும்தான் தெரியும், அதுவும் சாவி கைமாறிய நேரத்துப் பழக்கம். போன் செய்தேன். "பாக்கறேன்க்கா" என்றாள். பார்க்கிறேன் என்றால் வரவில்லை என்று அர்த்தம், ஆபீஸில் நானே அப்படித்தான் சொல்வேன். மற்ற இருவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. தங்கள் காசை வாங்கிக்கொண்டு எப்போதோ போனவர்கள், எவளோ ஒருத்திக்காக எதற்குப் போலீஸ் படி ஏறப் போகிறார்கள்? நேற்று ராத்திரி அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

இன்று காலை நான் வந்தபோது சௌகி வெளித் திண்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு சுப்ரஜா. பக்கத்தில், அவள் கூப்பிட்டுக் கட்கியிலிருந்து வந்த ஷீலா. மூன்றாமவர் ஷீலா கூப்பிட்டு சோலாப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார், மடியில் சாப்பாட்டுப் பை. "நீங்கதான் கடைசியா? உக்காருங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அவர்தான் கிரிஜா. ஷீலா என்னைப் பார்த்த உடனே, "என் லோகண்ட் கட்டில் இன்னும் இருக்குதா, இல்ல பங்கார்ல போட்டுட்டியா?" என்றார். அந்த இரும்புக் கட்டிலைப் பழைய சாமானுக்குப் போடவில்லை, அதில்தான் நான் நான்கு வருடமாகப் படுக்கிறேன். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

அதன்பிறகு மேடம் முன்னால், விஸ்வேஸ்வரன் எதிர் நாற்காலியில் இருக்கும்போதே, கிரிஜா ஹிந்தியில் வாக்குமூலம் கொடுத்தார். டெபாசிட்டை இவர் தனக்குத் திருப்பித் தரவில்லை என்றும், நேற்று இவரே போன் செய்து, "வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா, உனக்கும் ஒரு பங்கு தரேன்" என்று கேட்டதாகவும் சொன்னார். அதற்கு விஸ்வேஸ்வரன், இவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள், குடியிருந்தேன் என்று வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். மேடம் பேனாவை மூடி, "சலா, கிளம்புங்கள், வீட்டையே பார்த்துவிடுவோம்" என்றார்.

எல்லோரும் நடந்தே போனோம். நான் கதவைத் திறந்தேன். ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போகும் நடை பகலிலும் இருட்டு. அடுப்படி வாசலில் ஒரு டைல்ஸ் உப்பிய பூரி போல எழும்பி நிற்கும். தன் வீடு என்கிற தோரணையில் முன்னால் போன விஸ்வேஸ்வரன் அதில் கால் தடுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு செருப்பு உள்ளே போய் விழுந்தது. அவருக்குப் பின்னால் கிரிஜா, மேடத்தின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார். ஷீலா காதில் போனோடு தாண்டினார். சுப்ரஜா தாண்டினாள், நானும் தாண்டினேன். ஒருவரும் கீழே பார்க்கவில்லை. கடைசியில் வந்த இருதயராஜ் தடுக்கினார். இதை அவர் எழுத விரும்பவில்லை, ஆனாலும் உண்மை.

மேடம் அங்கேயே நின்று அந்த டைல்ஸையும் எங்கள் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். விஸ்வேஸ்வரன் இப்போதுதான் உடைத்திருப்பார்கள் என்றார். "நான் வந்தப்பவே இப்படித்தான் சார். ரெண்டு தடவ சொன்னேன், ஆள் அனுப்பறேன்னீங்க" என்றார் கிரிஜா. அனுப்பியிருந்தால் இன்று அவர் பிழைத்திருப்பார்.

நாங்கள் நான்கு பேரும் ஒரு நாளும் ஒன்றாக அந்த வீட்டில் இருந்ததில்லை. இன்று காலைக்கு முன் ஒருவர் குரல்கூட இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த இடம் வந்ததும் நான்கு பேர் கால்களும் தானாக ஒரே மாதிரி எழும்பின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. "ஹளூ ஹளூ சொல்லுக்கா, கை வலிக்குது" என்றார் இருதயராஜ். மெதுவாகவே சொல்லி, இதை முழுவதும் எழுத வைத்தேன்.

அதன்பிறகு சௌகிக்குத் திரும்பியதும், குடியிருந்தவர்களில் ஒருவர் விவரத்தையும் ஏன் போலீஸில் பதியவில்லை, அதுவே குற்றம் தெரியுமா என்று மேடம் கேட்டதற்கு, விஸ்வேஸ்வரன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "யார்கிட்ட வாங்கினேனோ அவங்ககிட்டதான் தருவேன்" என்று அறுபதாயிரத்தையும் கிரிஜாவுக்குப் போனில் அனுப்பினார். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்பது என் எண்ணம். பணம் இன்று காலைதான் பார்த்த ஒருவர் கையில் இருந்தது.

கிரிஜா என் நம்பரைக் கேட்டார். ஷீலா குறுக்கிட்டு, "இரு இரு. போன வழியாவே வரட்டும்" என்றார். கிரிஜா ஷீலாவுக்கு அனுப்பினார். ஷீலா சுப்ரஜாவுக்கு அனுப்பினார். சுப்ரஜா, "சர்வர் மட்டும் படுத்துறாத சாமி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு அனுப்பினாள். ஒவ்வொரு போனாக மணி அடித்துக்கொண்டே என் கைக்கு வந்தது. யாரோ ஒருத்தி நடுவில் எழுந்து போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எழுதிக்கொண்டிருந்த மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசி மணி அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

விஸ்வேஸ்வரன் புகாரைத் திரும்பப் பெற்றார். சாயந்திரத்துக்குள் சாமான்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சாவியை மேடம் முன்னிலையில் அவரிடம் ஒப்படைத்தேன். நிக்டி வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு மகளுக்குப் போன் செய்து, டிக்கெட் போடச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். "அவங்கள்லாம் யாரும்மா நமக்கு?" என்று கேட்டாள். நேரில் வா, சொல்கிறேன் என்றேன்.

இருதயராஜும் கடைசியில் அதையே கேட்டார், சாட்சிகள் உனக்கு என்ன உறவு என்று. உறவு ஏதுமில்லை என்றதும், 'முன்பின் அறியாதவர்கள்' என்று எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். வேறு என்ன எழுதுவது என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கிரிஜா சாப்பாட்டுப் பையைப் பிரித்து, எல்லோர் கையிலும் ஒவ்வொரு சப்பாத்தியை வைத்தபடி, "அந்த ரூம்காரங்கன்னு போடுங்க" என்றார்.

இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. மராத்திப் படியை வாசித்து அர்த்தம் சொல்லக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. 'முன்பின் அறியாதவர்கள்' என்பதை அடித்து 'அந்த அறைக்காரர்கள்' என்று திருத்தியது என் சொற்படிதான், திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வே. மங்கையர்க்கரசி