வளவுக்குள்ளே ஒரு புள்ளிக்கோடு

காங்கேசன்துறைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் கதைத்துக்கொண்டு வந்தனர். மூத்தவர், இராணுவம் விட்டுப்போன ஊரொன்றில் வளவு வாங்கிப் புதுவீடு கட்டியவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“நாலு மணியெண்டா எங்கடை ஆடுகள் முற்றத்திலை ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிக்கும், தம்பி. நடுவிலை ஒண்டும் நிக்காது.”

“பாம்பு ஏதும் திரியுதோ, அண்ணை?”

“நானும் தேடினன். மனுசி பயந்து தாய் வீட்டுக்குப் போட்டா. பிறகுதான் எல்லை அளக்க வந்த சர்வேயர் இந்தப் பழைய வரைபடத்தைக் காட்டினார்.”

அவர் மடியில் நகலொன்றை விரித்தார். கோயில், குளம், கிணறுகள் எல்லாம் சின்னச் சின்னக் குறிகளாக இருந்தன. வீடுகளிலிருந்து வந்த ஒழுங்கைப் பாதைகள் ஒன்றுசேர்ந்து, புள்ளிக்கோடாகக் கடற்கரைப் பக்கம் போயின.

“இது என்ன பாதை?”

“சுடலைக்குப் போறது. எங்கடை முற்றத்துக்கு நடுவாலை. முழு ஊரும் இதாலைதான் பிரேதம் கொண்டு போயிருக்கு. நான் தெரியாமல் குறுக்கை மதிலைக் கட்டிப்போட்டன்.”

“பிறகு என்ன செய்தனீங்கள்?”

“ரெண்டு பக்கமும் மதிலை உடைச்சுப் படலை வைச்சிட்டன்.”

“அக்கா திரும்பி வந்திட்டாவோ?”

“ஓம். இப்ப பயமில்லை அவவுக்கு. நாலு மணிக்குப் படலையளைத் திறந்து விட்டிட்டு, ஓரமா விலத்தி நிப்பா.”

அவர் வரைபடத்தை மெல்ல மடித்தார்.

“நேற்று மனுசியிட்டை, ‘என்னப்பா பாக்கிறாய்?’ எண்டு கேட்டன். ‘இண்டைக்குப் போறது ஒரு சின்னப்பிள்ளையின்ரை பெட்டி’ எண்டு சொன்னா.”