கடதாசியில் இல்லாத வரி

அந்தக் கதிரையில் இருக்க வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் ஹீட்டருக்குக் கிட்ட இருங்கள். இந்த நாட்டில் ஓகஸ்ட்தான் குளிர்காலம். மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மரவீடுகளில் குளிர் தரைப்பலகைக்குள்ளால் ஏறி வரும். ரேச்சல் அறைக்குள் படம் கீறிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது தமிழ் விளங்காது. நாங்கள் தாராளமாகக் கதைக்கலாம்.

வசந்தமலரின் லோயர் உங்களை அனுப்பியதாகச் சொன்னீர்கள். தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பியது நல்லது. நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. பதினொரு வருடமாக எங்கள் சனத்துக்கு மொழிபெயர்த்து வருகிறேன். ஆஸ்பத்திரி, இமிகிரேஷன், பள்ளிக்கூடம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். அதற்கென்று ஒரு சதமும் வாங்கியதில்லை. போகுமுன் ஒரு செபம் சொல்வேன், என் வாயால் யாரும் நொந்துபோகக் கூடாது என்று.

நோபேட் எங்கள் மாதா கோயில் பொடியன். ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவனுடைய முதல் மனைவி வேறொருவரோடு போனாள். போனவளுக்கும் வீட்டில் பாதி கிடைத்தது. மிச்சப் பாதியை வைத்து இங்கே எனக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன வீடு வாங்கினான். தொண்ணூற்று நாலில் திருச்சியிலிருந்து வசந்தமலரைக் கூப்பிட்டான். மன்னார்ப் பிள்ளை, குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய் அங்கே இருந்தவள். கலியாணத்துக்கு முன்னம் ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று நோபேட் நின்றான். வீடு அவனுக்கு, பிறகு சேர்ப்பதில் இருவருக்கும் பாதி. அதோடு இன்னொரு வரியும் கேட்டான்: அவள் தவறி நடந்தால் ஒன்றும் கிடையாது.

அந்த வரியை அவனுடைய லோயர் எழுத மறுத்துவிட்டார். இந்த நாட்டில் சொத்தைப் பிரிக்கும்போது யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று கோட்டில் நீதவான் பார்ப்பதில்லையாம். எழுதினாலும் நிற்காதாம். அந்த ஞாயிறு பூசை முடிந்து, நோபேட் கோயில் வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். எனக்குப் பாவமாக இருந்தது. நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

பெண்ணுக்கென்று தனியாக ஒரு லோயர் விளங்கப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவர் ஒரு வெள்ளைக்காரப் பெண், பொறுமையானவர். வசந்தமலருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் நடுவில் இருந்தேன். லோயர் ஒவ்வொரு வசனமாகச் சொல்லி எனக்காக நிறுத்துவார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார். யார் பிழை விட்டாலும் இந்த ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றியும் பேசவில்லை. இது அநியாயம் என்று பட்டால் எப்போதும் என்னிடம் வாருங்கள்.

வசந்தமலர் என் பக்கம் திரும்பினாள்.

"வேற ஆம்பிளையோட தொடர்பெண்டு வந்தா உனக்கு ஒண்டும் இல்லையாம்," என்றேன். "பிள்ளை பிறந்தா பிள்ளையும் தேப்பனுக்குத்தானாம். விளங்கிச்சா?"

"ஓம் அன்ரி."

அவளுக்கு விளங்கிவிட்டது என்று லோயருக்குச் சொன்னேன். அது உண்மை.

பிள்ளையைப் பற்றிய வரி நோபேட் கேட்காதது. அது நானாகச் சேர்த்தது. இருபத்திரண்டு வயது, தாய் தேப்பன் கிட்ட இல்லை. மனதில் கொஞ்சம் பயம் இருந்தால் நேராக நடப்பாள் என்று நினைத்தேன். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுப்பதுபோலத்தான். நோபேட் நன்றி சொல்லிக் கேக் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவள் நேராகத்தான் நடந்தாள். பஸ்ஸில் ஆம்பிளை பக்கத்தில் வந்து இருந்தால் எழும்பி நின்றுகொள்வாள். ரேச்சல் பிறந்த பிறகு, மீற்றர் பார்க்க ஆள் வந்தால் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் இருப்பாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் இடியப்பம் கொண்டுபோவேன். கதவைத் திறக்குமுன் மூன்று தரம் என் பெயரைக் கேட்பாள்.

தொண்ணூற்றேழு ஜூனில் சான்ட்ரிங்ஹாம் கடையில் அரிசி வாங்கினாள். மழை. ஒரு கையில் பிள்ளை. கடையில் வேலைக்கு நிற்கிற வசீகரன் பாவம் பார்த்து, அரிசிப் பையை பஸ் தரிப்பு வரை தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வழியால் காரில் போன நோபேட் கண்டுவிட்டான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியால் பூட்டிவிட்டுப் போனான்.

அவள் ஜன்னலால் பிள்ளையை இறக்கி, தானும் இறங்கி என்னிடம் வந்தாள். செருப்பில்லை. அந்தக் கதிரையில்தான் இருந்தாள். அவள் நடுங்கிய நடுக்கத்தில் கதிரைக்கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. ரேச்சலை என் மடிக்கு வாங்கினேன்.

"அன்ரி, அரிசிப் பை தூக்கித் தந்தது அந்தக் கடதாசிக்குள்ள வருமா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். சொன்னால், மூன்று வருடமாக அவள் பயந்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடும். அதை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ரேச்சல் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"வரும் போலதான் கிடக்கு," என்றேன். "கோட்டுக்குப் போனா பேரும் கெட்டுப் பிள்ளையும் போகும். நீயாப் போனா மரியாதையோட போகலாம்."

நோபேட் டிக்கெட் எடுத்தான். ஏர்போட்டுக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். பிளேனில் குளிரும் என்று என்னுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். பொத்தான்களையும் நானே பூட்டினேன்.

அன்றிலிருந்து ரேச்சல் என்னோடு. நோபேட்டின் ஷிஃப்டுக்கு அதுதான் வசதி. பள்ளிக்கூடத்துக்கு நல்லது என்று அவளோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைத்தேன். ஒரு வருடத்தில் தமிழ் போய்விட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்குத் தாய் திருச்சியிலிருந்து போன் எடுப்பாள். மம்மி எப்ப வருவா என்று பிள்ளை கேட்கும். சுகமா இருக்கிறாளாம் என்று நான் தாய்க்குச் சொல்வேன். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று தாய் அழுவாள். அன்ரியின் சொல்லைக் கேட்டு நடக்கட்டாம் என்று பிள்ளைக்குச் சொல்வேன். இரண்டு பேரும் அமைதியாகப் போனை வைப்பார்கள்.

மிச்சம், அவள் உங்கள் லோயரிடம் வந்த கதை, உங்களுக்குத் தெரியும். எத்தனை வருடத்துக்குப் பிறகு மன்னிப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பார்க்க, வசந்தமலர் அந்தக் கடதாசியை அங்கே அம்புஜம் என்ற டீச்சரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் மூன்று தரம் வாசித்தாராம். மன்னிப்பும் இல்லை, குற்றமும் இல்லை.

போன சனிக்கிழமையும் எடுத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளையோட ஒருக்காக் கதைக்க வேணும் அன்ரி," என்றாள். குரலில் பயம் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, ஐந்து வருடத்தில் முதல் தரம். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வாசலில் சத்தம் கேட்டால் ரேச்சலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் இருக்கிறேன். நீங்கள் கதவைத் தட்டியபோதும் அங்கேதான் இருந்தோம்.

எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொன்னது நான். தாயை அனுப்பியது நான். கையெழுத்து வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்.

போன் மணி அடிக்கிறது, சனிக்கிழமை ஆறு மணி. அவள்தான். நீங்கள் எழும்ப வேண்டாம், தேத்தண்ணியைக் குடியுங்கள். புதுக்குரல் கேட்டால் பிள்ளை பயந்துபோகும். தாய் சொல்வதை நானே அவளுக்குச் சொல்கிறேன்.