பூஜ்யம் காட்டிய மீட்டர்

மின்சாரத்தைத் தொட்டு அளக்கும் மீட்டர் வாங்கும்போது எல்லாரும் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள், மேடம். திரை பெரிதாக இருக்கிறதா, பட்டன் நிறைய இருக்கிறதா என்று. நான் முதலில் ஒயரைப் பார்ப்பேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மீட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வெளியில் நடப்பது அதற்கு அந்த இரண்டு ஒயர் வழியாகத்தான் தெரிய வேண்டும்.

நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் மாத்திரையிலிருந்து தொடங்கினால், தம்பியைச் சரியாகக் கவனிக்காத அக்கா என்று எழுதிக்கொள்வீர்கள். அது உண்மையில்லை. மீட்டரிலிருந்து தொடங்கினால்தான் நான் அவனுக்காக எவ்வளவு தூரம் போனேன் என்பது உங்களுக்குப் புரியும். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் வேலை. ஆலையில் இருக்கும் அளவுக் கருவிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் அறைக்கு வரும். சரியாகக் காட்டுகிறதா, தப்பாகக் காட்டுகிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம். குளிர்சாதன அறை, சத்தம் கிடையாது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிடித்த வேலை. கருவி பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா இறந்துபோனபோது தம்பி தனேஷ் இரண்டாம் வகுப்பு. அப்பா அதற்கு முன்பே இன்னொரு குடும்பத்தோடு சுங்கை பாக்காப் பக்கம் போய்விட்டார். தைப்பிங்கிலிருந்து ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்தார், ரயில்வேயில் வேலை. தம்பியைச் சித்தி வீட்டில் விட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. வருத்தப்பட நேரமும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவன் ரைஸ் குக்கரைப் பிரித்துப் போட்டான். அடிக்காமல், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பஷீர் அண்ணன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரேடியோ சாமான், சால்டரிங் கம்பி, மலிவு மீட்டர் எல்லாம் அவரிடம் கிடைக்கும். அங்கேதான் அவனுக்கு முதல் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். பிற்பாடு பழைய ஆஸிலோஸ்கோப் ஒன்றும் அவரிடமே வாங்கினோம். மின்சாரம் போகிற போக்கைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டும் பெட்டி அது. அதில் ஒரு மைக்கைச் சொருகிவிட்டு, "பேசுக்கா" என்பான். நான் பேசினால் கோடு நெளியும். என்ன பேசுவது என்று தெரியாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அவன் சிரிப்பான். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் அப்படித்தான் இருந்தோம்.

பிறகு அவன் பெரியவனானான். அவனுக்கும் ஆலை வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இவனை மாதிரி ஆட்கள் கூடுவார்கள். ஒருவர் ரோபோ செய்வார், ஒருவர் பழைய ரேடியோவை உயிர்ப்பிப்பார். அங்கேதான் சுபாஷினியைப் பார்த்தான். நல்ல பெண். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இருவருமாகச் சேர்ந்து உள்ளங்கை அளவில் ஒரு சோதனைக் கருவி செய்தார்கள். கழற்றி எடுத்த பழைய பாகம் நல்லதா கெட்டதா என்று அது சொல்லிவிடும். வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் செய்து பார்ப்பவர்களுக்கு வசதியான சாமான். அதை ஹாலந்தில் ஒரு சின்ன கம்பெனி பார்த்துவிட்டு இருவரையுமே வேலைக்குக் கூப்பிட்டது.

இதை அவன் என்னிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னான். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"மூணு வருஷம்தாங்க்கா. போயிட்டு வந்துருவோம்லா."

அப்பாவும் ஒரு மாதம் என்று சொல்லித்தான் போனார். அதை நான் சொல்லவில்லை. நான் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். அவன் கை நின்றது.

"நீ இனிமேயாச்சும் உனக்காக வாழுக்கா."

அன்பாகத்தான் சொன்னான், மேடம். அதனால்தான் தாங்க முடியவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் மறுநாள் சமாதானமாகியிருப்போம். எனக்காக வாழ்வது என்றால் எப்படி என்று அன்று முழுக்க யோசித்தேன். குளிக்கும்போதும் ஆலை பஸ்ஸிலும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எழுந்தால் யாருக்குத் தேநீர் போடுவது என்பதைத் தாண்டி என் மனம் போகவில்லை.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் செய்து பார்த்தேன். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படியேறினேன். நானும் வருகிறேன், ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்று கேட்டேன். விசா கிடைக்காது என்றான். மயங்கி விழுவது போல ஒரு முறை விழுந்தும் பார்த்தேன். அவன் லீவு போட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், இனி பயமில்லாமல் கிளம்பலாம் என்றான்.

கடைசியாக சுபாஷினியை ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நீ போ, அவனை விட்டுவிட்டுப் போ என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, நீங்க கேக்கறது ஒரு உசுர. அத நான் எப்படிக் குடுக்கறது?" என்றாள்.

அந்தக் கேள்வி நியாயமானது.

அவன் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை. இர்வான் என்று கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவனின் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி, பழுதுபார்க்க வந்திருந்தது. பழங்காலத்து வால்வு ஆம்ப். இதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றான் தனேஷ். அந்த மாதிரி ஆம்பில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதனால் கை வைக்கும் முன்னால் மீட்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டினால்தான் கை வைக்கலாம். அதற்கும் முன்னால், மீட்டர் சரியாக இருக்கிறதா என்று ஒரு பேட்டரியில் தொட்டுப் பார்க்க வேண்டும். தனேஷ் ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை. பழக்கியது நான்.

முந்தின நாள் மாலை அவன் சுபாஷினியோடு சூட்கேஸ் வாங்கப் போயிருந்தான். அப்போதுதான் அந்தச் சிவப்பு ஒயரைச் சரிசெய்தேன். சரிசெய்தேன் என்பதா, கெடுத்தேன் என்பதா, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நேராக இருந்தால் உள்ளே கம்பி தொடும். வளைத்தால் விட்டுவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேட்டரி மேசைமேல் இருக்கும், ஒயர் நேராக இருக்கும், மீட்டர் சரியாகக் காட்டும். ஆம்புக்குள் விடும்போது வளைத்துத்தான் விட வேண்டும். அப்போது பூஜ்யம் காட்டும்.

கை கொஞ்சம் சுட்டால் போதும், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் முதலில் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஆம்பில் எவ்வளவு தேங்கியிருக்கும் என்பதும், அது ஒரு ஆளை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் இத்தனை வருஷம் நான் பார்த்த வேலைக்கே அவமானம்.

நான் அடுப்படியில் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி விழும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். எண்ணெய் சட்டி, அப்படியே விட்டுப் போகக் கூடாது. அவன் மேசைக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். மூச்சு இல்லை.

கீழ் வீட்டு சலேஹா உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியும். எங்கள் குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் அவள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வந்து பார்த்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், தம்பியின் தலை என் மடியில் இருந்தது. பாவம் குணவதி அதிர்ச்சியில் உறைந்து போயிருந்தாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நல்ல மனசு அவளுக்கு. அவள்தான் அவனை இழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுதுகொண்டே நெஞ்சை அமுக்கினாள். எப்படி அமுக்குவது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

எனக்குத் தெரியும், மேடம். மின்சாரம் தாக்கினால் செய்ய வேண்டிய முதலுதவிக்கு ஆலையில் வருஷா வருஷம் பயிற்சி எடுத்திருக்கிறேன். பொம்மையை வைத்துப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நான் உறைந்து போகவில்லை. நன்றாக நினைவோடுதான் இருந்தேன். அவன் வளர்ந்த பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்ததே இல்லை. போகிறேன், வருகிறேன் என்று ஒன்றும் சொல்லாமல் இருந்தான். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். சலேஹா வராமல் இருந்திருந்தால் நான் எப்போது எழுந்திருப்பேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அவன் பிழைத்தான். பேச்சு போனது, வலப்பக்கம் போனது. நான் வேலையை விட்டேன். ஊட்டினேன், குளிப்பாட்டினேன், திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு புண் வரவில்லை, நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த மாதங்களில் நான் நிம்மதியாக இருந்தேன்.

பஷீர் அண்ணன்தான் உடைந்து போனார். மீட்டர் அவர் கடையில் வாங்கியது. போலிச் சரக்கு விற்று ஒரு பையனைப் படுக்கையில் போட்டுவிட்டார் என்று சனிக்கிழமைக் கூட்டத்து ஆட்கள் பேசினார்கள். அவர் வீட்டுக்கு வந்து தனேஷின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தங்கச்சி, நா தெரிஞ்சு செய்யலம்மா. இனி என் கடையில மீட்டரே விக்க மாட்டேன்."

அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணே, விதி என்றேன். அந்த மீட்டரில் ஒரு குறையும் இல்லை. நான் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் கருவிகளுக்கு நிகரானது. ஒயரை அன்றைக்கே மாற்றிவிட்டேன். பழையதைக் குப்பையோடு போட்டுவிட்டேன். அவரிடம் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள்.

சுபாஷினி ஹாலந்துக்குப் போகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாரா வாரம் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நோர்மா என்று பயிற்சி கொடுக்கும் பெண்ணை ஏற்பாடு செய்தாள். நோர்மா வந்து அவன் விரல்களை மடக்கி நீட்டினாள், உதட்டை அசைக்கப் பழக்கினாள். ஒரு நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அவன் வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, "சு... பா" என்றான். அவள் அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். இந்த வேகத்தில் போனால் நடக்கக்கூட வாய்ப்புண்டு என்று நோர்மா சொன்னாள். ஈப்போவில் அதற்கென்று ஒரு நிலையம் இருக்கிறதாம், சுபாஷினியின் வீட்டுக்குப் பக்கத்தில். அவனை அங்கே கூட்டிப்போகிறேன் என்றாள்.

மறுபடியும் சூட்கேஸ், மேடம்.

தசை இழுக்காமல் இருக்க அவனுக்குக் கொடுத்த மாத்திரை அது. கூடுதலாகக் கொடுத்தால் தூக்கம் வரும். நோர்மா வரும் நாட்களில் மட்டும்தான் கூட்டிக் கொடுத்தேன். அவள் வருவாள், அவன் கண்ணைத் திறக்க மாட்டான், முன்னேற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவாள். வேறு கெடுதல் நினைக்கவில்லை. அவள்தான் சந்தேகப்பட்டு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

இப்போது அவனை வார்டில் வைத்துக்கொண்டு என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். சம்பளத்துக்குப் பார்க்கிறவர்கள் அவனுக்காக இவ்வளவு செய்வார்களா, நீங்களே சொல்லுங்கள். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள். ஆனால் அவனையும் என் பக்கத்தில் வைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். நான் கடைசியாகப் பார்க்கப் போன அன்று, அவன் என்னைப் பார்த்து "அக்கா... வேணாம்" என்று சொன்னதாக நர்ஸ் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சொன்னது உண்மைதான், நானும் கேட்டேன். அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. அக்கா, இனிமேல் நீ கஷ்டப்பட வேணாம் என்கிறான். அவனுக்கு எதையும் முழுசாகச் சொல்ல வராது, மேடம். அவனுக்காக நான்தான் முடித்து வைப்பேன்.